கோலசிலாங்கூருக்குச் சூரை வராத வருடம்

சூரை மீன் இல்லாத ஊருக்கு மாசி போடக் கற்றுக்கொடுக்கப் போனவன் நான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். காயல்பட்டினத்தில் என் தெரு முழுக்கச் சிரித்தாகிவிட்டது. அதற்காக நான் போன இடத்தையும் பார்த்த மனுஷர்களையும் சொல்லாமல் விடுவதாக இல்லை.

கொழும்பில் கலவரம் நடந்ததற்கு அடுத்த வருடம் அது. சூரையைத் துண்டு போட்டு, உப்புநீரில் அவித்து, புகையில் வாட்டி, மரக்கட்டையாகும்வரை வெயிலில் காயவைத்தால் அது மாசி. அதை இடித்துப் போடாமல் இலங்கையில் சம்பலே கிடையாது. எங்கள் மூட்டைகள் எல்லாம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன. கலவரத்துக்குப் பிறகு போக்குவரத்து படுத்துவிட்டது. மூட்டைகளைப் பார்த்தபடி நான் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான், மலேசியாவில் கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் செய்யது மச்சான், ஊருக்கு வந்த ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினார். என் அக்காவை, எங்கள் பாஷையில் ராத்தாவைக் கட்டியவர். "இங்கே சூரை குவிந்து கிடக்கிறது. புகை போடப் பெரிய கட்டடம் இருக்கிறது. வேலைக்குத் தோட்டத்துப் பெண்கள் இருக்கிறார்கள். தொழில் தெரிந்த ஆள்தான் இல்லை. உடனே வா."

விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, வெள்ளைச் சேவல் இறகு கட்டிய தூண்டில்களைக் கொத்தாகத் தூக்கிப் பிடித்தார். எதற்கு என்று கேட்டார். மீன் பிடிக்க என்றேன். மலேசியாவில் தூண்டில் கிடைக்காதா என்று கேட்டார். "கிடைக்கும். ஆனால் சூரைக்கு என் தூண்டில்தான் பழக்கம்" என்றேன். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு என்னை விட்டுவிட்டார். வந்த இடத்தில் முதல் சிரிப்பு அது.

முதல் நாள் காலையில் மச்சான் கடையில் உட்கார்ந்தேன். கல்லில் ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்ப் பரோட்டாவுக்குச் சொந்தக்காரன்தான். ஆனால் இங்கே வந்து கொஞ்சம் பணக்காரனாகிவிட்டான், மேலெல்லாம் நெய். தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. தேநீரை ஆள் உயரத்துக்கு இழுத்து ஆற்றி, நுரை பொங்கத் தருகிறார்கள். சர்க்கரைப் பாலும் சேர்ந்த அந்த இனிப்பில் எனக்குப் பல் கூசியது. "ஊரில் இருக்கும்போது கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே டீ குடித்தவன், இங்கே வந்து நாக்கு நீளுதோ?" என்று ராத்தா சமையற்கட்டிலிருந்து கேட்டாள். அவள் குரலுக்குக் கடல் தாண்டியும் வயதாகவில்லை.

கடலைக் காட்டுங்கள் என்றேன். எங்கள் ஊரில் கடலைக் காட்ட வேண்டியதில்லை. மணலில் கால் வைத்தால் அது தானே வந்து நிற்கும். இங்கே மச்சான் என்னை ஒரு குன்றின்மேல் ஏற்றினார். கீழே அகலமான ஆறு, சேறு, கண்டல் மரக்காடு. அதற்கும் அப்பால் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் ஏதோ ஒன்று தட்டையாகக் கிடந்தது. அதுதான் கடல் என்றார். நான் அதை நம்ப முயன்றுகொண்டிருக்கும்போதே ஒரு குரங்கு என் கையில் இருந்த வாழைப்பழப் பணியாரத்தைப் பொட்டலத்தோடு பறித்துக்கொண்டு போய்விட்டது.

பிறகு பசார். மீன் விற்கும் இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். இறால் இருந்தது, நண்டு இருந்தது, ரத்தம் கசியும் சிப்பி மலைமலையாக இருந்தது. சூரை ஒன்றுகூட இல்லை. மலாய் மொழியில் அதற்கு டொங்கோல் என்று பெயர். ரப்பர் காலணி போட்ட ஒரு சீனத்து அம்மாவிடம் மச்சான் கேட்டார். அவர் சொன்னதை எனக்கு மொழிபெயர்க்க மச்சானுக்கு மனம் வரவில்லை, வற்புறுத்தினேன்.

"டொங்கோலா? அது போன வருஷம். இந்த வருஷம் அது வேற ஊருக்குக் கல்யாணம் கட்டிப் போயிடுச்சாம்."

"மச்சான், குவிந்து கிடக்கிறது என்று சொல்லி அனுப்பினீர்களே?"

"சொல்லி அனுப்பும்போது கிடந்துச்சு தம்பி. நான் என்ன, அதைக் கயித்துல கட்டியா வெச்சிருக்கேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மதியம் பிரியாணியைக்கூடத் திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை போட்டுக்கொண்டதை ராத்தா ஊர் முழுக்கச் சொன்னாள்.

மறுநாள் அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவதாக அறிவித்தேன். "திரும்பு. ஆனா அதுக்கு முன்னாடி தோட்டத்துக்கு வந்து அந்தப் பொண்ணுங்க முகத்தைப் பார்த்து நீயே சொல்லு. என்னால முடியாது" என்றார் மச்சான். வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

ரப்பர்த் தோட்டம் என்று சொன்னார்கள். ரப்பர் மரம் பாதிக்குமேல் இல்லை. வெட்டிச் சாய்த்து எரித்த அடிக்கட்டைகளுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு, எண்ணெய் எடுக்கிற செம்பனையின் கன்றுகள் நின்றன. தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் வரிசையாக இருந்தன. ஒரு ஓரத்தில், கூரையில் புகைபோகத் திறப்புகள் வைத்த பெரிய மரக்கட்டடம். ரப்பர்ப் பாலை உறையவைத்து, உருளை மெஷினில் கொடுத்துத் தகடாக்கி, அந்தத் தகடுகளை உள்ளே தொங்கவிட்டுப் புகை போடுவார்களாம். புகைவீடு என்கிறார்கள். செம்பனைக்குப் புகை வேண்டாம். ஆகவே புகைவீட்டுக்கும் வேலை இல்லை, அதில் வேலை செய்த பெண்களுக்கும் வேலை இல்லை.

அவர்களில் முன்னால் வந்தவள் தனபாக்கியம். நாற்பது வயது இருக்கும். புகைவீட்டில் நெருப்புப் பார்த்தவள். தலையில் துணி கட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வாங்க காக்கா. உங்க மச்சான் சொன்னாரு. மாசி வாத்தியாரு நீங்கதானா?" அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம், அது இங்கேயும் வந்திருந்தது.

"மீனே இல்லையாமே, தங்கச்சி."

"மீனு இல்லன்னு எங்களுக்குத் தெரியாதா? வாத்தியாரு இருக்காரான்னுதான் கேட்டேன்."

மூக்குடைந்தது எனக்கு. மச்சான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

விஷயத்தை அவள்தான் சொன்னாள். போன வருடம் சூரை மலிந்து கிடந்தபோது, இந்தச் சும்மா கிடக்கும் கட்டடத்தில் மீனுக்குப் புகை போடலாமே என்ற யோசனையை மச்சான்தான் கிளப்பிவிட்டார். பெண்கள் கேட்டார்கள். மானேஜர் முதலில் முடியாது என்றார். அந்த இடத்தில் செம்பனை நாற்றுப் பண்ணை வரப்போகிறது. இவள் விடவில்லை. ஆபீஸ் வாசலில் தினமும் போய் நின்றாள். கடைசியில் அவர், "உங்கள் கோயில் தீமிதிக்கு நான் வருவேன். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் புகை வந்தால் இருக்கட்டும். வராவிட்டால் மறுநாளே இடித்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டார். தீமிதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"இது போனா லயமும் போயிரும் காக்கா. வேலை இல்லாதவனுக்கு எதுக்கு வீடுன்னுதான் கேப்பாங்க" என்றாள். கெஞ்சுகிற குரல் இல்லை. செய்தி சொல்லுகிற குரல்.

போன வருடம் அவர்களாகவே ஒரு தடவை மாசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். சூரையை அவித்திருக்கிறார்கள். அதுவரை சரி. தண்ணீர் வடிய வேண்டுமே? ரப்பர்த் தகட்டிலிருந்து தண்ணீரை எப்படி எடுப்பார்கள்? உருளை மெஷினில் கொடுத்துத்தான். அவித்த சூரையையும் உருளை மெஷினில் கொடுத்திருக்கிறார்கள்! அந்தப் பக்கம் வரிவரியாகக் கோடு போட்ட மீன் களி வந்திருக்கிறது. அதையும் விடாமல் மூங்கில் கழியில் தொங்கவிட்டு, வழக்கமான ரப்பர் விறகைப் போட்டு, பல வருடத்து ரப்பர்ப் பிசின் அப்பிய சுவர்களுக்குள் புகை காட்டியிருக்கிறார்கள்.

"ருசி எப்படி?"

"லோரி டயரு சாப்பிட்டிருக்கீங்களா?" என்றாள் தனபாக்கியம்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "சிரிங்க. ஆனா மீனு எங்க கைக்குப் புதுசு லா. ரப்பரு உங்க கையில குடுத்தா நீங்க மட்டும் சம்பலா இடிப்பீங்க?" என்றாள். இந்த ஊரில் வாக்கியத்துக்கு வாக்கியம் லா போடுகிறார்கள். சண்டையில் போட்டால் அது கொஞ்சம் குத்தும் என்று அன்று தெரிந்துகொண்டேன். விமானத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

மூன்றாம் நாள் விடாமல் மழை. புகைவீட்டுச் சுவர்களைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தோம். உருளை மெஷினை ஒரு சாக்கால் மூடி, அதன் பக்கமே போகக்கூடாது என்று சட்டம் போட்டேன். மதியம் ஒருத்தி வீட்டிலிருந்து சோறும், நெத்திலிச் சம்பலும், மரவள்ளி இலைக் கூட்டும் வந்தன. மழைச் சத்தத்தில் எல்லோரும் கத்திப் பேசினோம். சூரை ஏன் வரவில்லை என்று தனபாக்கியம் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். நான் கடலோடி அல்ல, வியாபாரி. ஆனால் சூரை எப்போது வரும், எங்கே போகும் என்று தெரியாதவன் மாசி வியாபாரத்தில் கடையைத் திறந்து வைத்திருக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே எங்கள் கடற்கரை வள்ளங்களில் தொற்றிக்கொண்டு போய்ப் பார்த்தவன்.

சூரை கண்ணால் பார்த்து இரை பிடிக்கிற மீன். கலங்கலில் அதற்குப் பார்வை இல்லை. உப்பு குறைந்தாலும் பிடிக்காது. இரண்டு நிறத் தண்ணீர் உரசிக்கொள்ளும் எல்லையில் நெத்திலியும் சாளையும் சேரும். அதைத் தேடித்தான் சூரை வரும். எல்லை நகர்ந்தால் இதுவும் நகரும். போன வருடம் இந்த நாட்டில் மழை பொய்த்ததாம். ஆறு மெலிந்தது, பச்சைத் தண்ணீர் கரை வரைக்கும் ஏறி வந்தது, இரையும் வந்தது, பின்னாலேயே சூரையும் வந்தது. இந்த வருடம் ஆறு தன் சேற்றையெல்லாம் கொண்டுபோய்க் கடலில் கொட்டுகிறது. சூரை விலகிப் போய்விட்டது. அது யாரையும் ஏமாற்றவில்லை. தண்ணீர் போன இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

தனபாக்கியம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "நாங்க மரத்தோட இருந்தவங்க காக்கா. நேத்து பாலுக்குக் கீறுன மரம் இன்னிக்கும் அதே எடத்துல நிக்கும். மீனையும் அப்படித்தான் நெனச்சிட்டோம். ஒரு தடவ வந்துச்சுன்னா நம்ம மீனுன்னு."

பிறகு அவளே சொன்னாள்: "மரம் மட்டும் நின்னுச்சா என்ன? அதையும்தான் வெட்டிட்டாங்க. எங்க போயிருக்குன்னு சொல்லுங்க, நம்ம போவோம்."

நான்காம் நாள் வடக்கே பாகான் நக்கோடா ஓமாருக்குப் புறப்பட்டோம். அங்கே மச்சானுக்குத் தெரிந்த மலாய் மீனவர் ஒருவர் இருந்தார். வேனில் மச்சான், நான், தனபாக்கியம், என் தூண்டில்கள். தஞ்சோங் காராங் பக்கம் இரண்டு பக்கமும் வயல், சாலையோடு ஓடும் கால்வாய். தாமிரபரணிக் கடைமடை ஞாபகம் வந்து நான் நெகிழ ஆரம்பித்த இடத்தில் வேன் இருமி நின்றது. மச்சான் இறங்கி எஞ்சினைத் திறந்தார், பிஸ்மி சொன்னார், மூடினார். அது அவருக்குத் தெரிந்த மொத்த மெக்கானிக் வேலை.

சாலையோரக் கடையில் வேனை விட்டுவிட்டு, தேங்காய் மட்டை ஏற்றிப் போன லோரியைக் கை காட்டினோம். மச்சான் முன்னால் ஏறிக்கொண்டார். நானும் தனபாக்கியமும் மட்டைமேல். என் பைஜாமா பின்பக்கம் கிழிந்தது. எங்கள் ஊரில் மாசிக்குப் புகை போடுவது தேங்காய் மட்டையில்தான் என்று சும்மா சொன்னேன். அடுத்த கணம் அவள் ஓட்டுநரின் தலைக்குமேல் இருந்த கூரையைத் தட்டி, இந்த மட்டை எங்கிருந்து வருகிறது, திரும்பும்போது ஒரு லோரி தோட்டத்தில் போட முடியுமா என்று மலாயில் பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். மீன் இல்லாமலே விறகு முடிவாயிற்று.

பாக் மாட் என்று அந்த மீனவருக்குப் பெயர். வயதும் வயிறும் உள்ளவர். சூரை என்றதும் தலையை ஆட்டினார். மச்சான் மொழிபெயர்த்தார்: "இருக்கு. ஆனா என்னோட சின்னப் படகு போற தூரத்துல இல்ல. ஆத்துத் தண்ணி அதைத் தள்ளிவிட்டுச்சு. தள்ளிவிட்ட எடத்துல பெரிய படகுக்காரங்க நிக்கிறாங்க. ராத்திரியில வரிசையா விளக்கு போட்டு இரையைக் கூப்பிடுறாங்க. இரை பின்னாடி டொங்கோல் வருது. சுத்தி வலை போட்டுக் கூட்டத்தோட அள்ளிடுறாங்க. மிச்சம் தப்பிச்சது செதறிப் போவுது. முன்னெல்லாம் வடக்கே இருந்து கீழே இறங்கி வரும். இப்ப இறங்குறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருது."

அப்படியானால் போகவே முடியாதா என்று கேட்டேன். பெட்ரோல் அதிகம் போட்டால் ஆற்றுத் தண்ணீர் முடிகிற விளிம்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பலாம் என்றார். தனபாக்கியம் தானும் வருவேன் என்றாள். பெண்ணைப் படகில் ஏற்றுவாரோ என்று நான் தயங்கினேன். பாக் மாட்டுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவர் மறுப்பு என் குடைக்குத்தான். படகில் குடை விரிக்கிறவனோடு தான் போவதில்லை என்றார். குடையை மச்சானிடம் கொடுத்தேன். மச்சான் அதை விரித்துக்கொண்டு, தான் கரையிலேயே இருந்து துஆ செய்வதாகச் சொன்னார்.

விடியும்போது கிளம்பினோம். ஆற்றுவாயைத் தாண்டியும் நெடுநேரம் சேற்றுத் தண்ணீர்தான். பிய்ந்து வந்த மரக்கிளையும் ஆகாயத்தாமரையும் கடலில் மிதந்தன. கையை விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு பாதிதான் இருந்தது. தனபாக்கியம் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காலை சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்தாள். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "மானேஜரு வாசல்ல நின்னதைவிட இது ஒண்ணும் கஷ்டமில்ல" என்றாள்.

வெயில் ஏறிய பிறகுதான் அந்தக் கோட்டைப் பார்த்தோம். ஒரு பக்கம் தேநீர், மறு பக்கம் பச்சை. நடுவில் நுரையும் குப்பையும் நெளிந்து நெளிந்து போனது. மேலே பறவைகள். கொழும்பு கைவிட்டுப் போனாலும், வியாபாரம் போனாலும், அந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்கு இருபது வயதுதான்.

சேவல் இறகுத் தூண்டில்களைப் பின்னால் விட்டுப் படகைக் கோட்டோடு ஓட்டினோம். சூரை துள்ளுவதைத் தனபாக்கியம்தான் முதலில் பார்த்துக் கத்தினாள். கயிறு விண்ணென்று இழுத்தது. இழுத்துப் போட்ட முதல் மீன் பலகையில் படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன காக்கா, சூடா இருக்கு?" என்றாள். சூரையின் ரத்தம் அப்படித்தான், ஓயாமல் நீந்துகிற மீன் என்றேன். அடுத்தடுத்து விழுந்தது. ஒரு கூடை நிறைகிற சமயத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது.

பெரிய படகு. இரண்டு பக்கமும் அணைத்த விளக்குகள் வரிசையாகத் தொங்கின. நாங்கள் ஓடிக்கொண்டிருந்த அதே கூட்டத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு வந்தது, ஹாரன் அடித்து எங்களை ஒதுங்கச் சொன்னது. பாக் மாட் கோபமாக ஏதோ கத்தினார். நான் காயல்பட்டினத்துப் பாஷையில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கத்தினேன். தனபாக்கியம் எழுந்து நின்று, இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றி, கையில் ஒரு சூரையை வாலோடு பிடித்துத் தூக்கிக் காட்டிக் கத்தினாள்: "இதை நாங்க புடிச்சிட்டோம்டா! இதை வந்து எடுங்கடா பார்ப்போம்!"

அவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. மீனைத் தெரிந்திருக்கும். ஒருவன் கை அசைத்துச் சிரித்தான். வலை இறங்கியது, சற்று நேரத்தில் பறவைகள் எல்லாம் அங்கே போய்விட்டன. எங்கள் கயிறுகள் சும்மா இழுபட்டன. எனக்கு அழுகை வருகிற அளவுக்கு ஆத்திரம். அந்தப் படகில் இருந்தவர்களும் கூலிக்காரர்கள்தான் என்று இப்போது நிதானமாக எழுத முடிகிறது. அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. தண்ணீர் தள்ளினால் சூரை திரும்பி வரும். இப்படி அள்ளினால் எது திரும்பி வரும்?

கரைக்கு வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றேன். அவ்வளவு பெரிய புகைவீட்டுக்கு ஒரு கூடை மீன் என்பது யாரிடமும் சொல்லக்கூடிய கணக்கு அல்ல. மானேஜரிடம் பேசி அடுத்த வருடம் வரைக்கும் தவணை கேட்கலாம் என்றேன். தனபாக்கியம் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கரையோரப் படகுகளிலிருந்து கெம்போங் இறங்கிக்கொண்டிருந்தது. நம் ஊர்க் கானாங்கெளுத்தி. கலங்கலும் தெளிவும் பார்க்காமல் கரைப்பக்கமே கிடக்கிற மீன். அதைக் கூடை கூடையாக வாங்கச் சொல்லி மச்சானைப் பார்த்தாள். மச்சான் என்னைப் பார்த்தார்.

"கெம்போங்கில் மாசி போட முடியாது. சூரையில் போட்டால்தான் மாசி. மற்றதெல்லாம் கருவாடு" என்றேன்.

"சரி, கருவாடுதான்."

"நான் கருவாட்டுக்காரன் இல்லை."

"நீங்க கோபமா இருங்க காக்கா. கோபமா இருந்துக்கிட்டே எப்படி அவிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். வேறு என்ன செய்வது? மீனும் மட்டையும் அதே லோரியில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. மூன்று நாள் புகைவீட்டைச் சுற்றியே கிடந்தோம். சூரையைக் கீற்றுக் கீற்றாக அறுத்தேன். கெம்போங்கை நான் தொடவில்லை, பெண்கள் அறுத்தார்கள். அவிக்கும்போது தண்ணீர் கொதிக்காமல் முனகிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு தடவைதான் சொன்னேன், அதற்குமேல் அடுப்பை அவர்கள் என்னிடம் கொடுக்கவில்லை. தேங்காய் மட்டையை எப்படி அடுக்கினால் நெருப்பு எரியாமல் புகை மட்டும் வரும் என்பதில் தனபாக்கியத்துக்கு நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. என்னுடைய கீற்றுகளை முன்வரிசையில் பெருமையாக வைத்தேன். பின்னால் கழி கழியாகக் கெம்போங் தொங்கியது. ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் "இது மாசி இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். பெண்கள் "ஆமா காக்கா" என்று கோரஸ் பாடினார்கள்.

தீமிதி நாள். உறுமி மேளம் லயத்துப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. மானேஜர் ஜீப்பில் வந்தார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, தமிழ் நன்றாகவே பேசுகிறவர். கூரையைப் பார்த்தார். திறப்புகள் வழியாக வெள்ளையாகப் புகை போய்க்கொண்டிருந்தது. கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து இருமினார்.

"தனபாக்கியம், எவ்வளவு டொங்கோல் இருக்கிறது?"

"தொரே, நீங்க அன்னிக்கு டொங்கோலைக் கேக்கல. புகையைத்தான் கேட்டீங்க."

கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். மானேஜர் முகம் இறுகியது. "மாசி போடப் போகிறோம் என்றுதான் கட்டடத்தைக் கேட்டீர்கள். பின்னால் தொங்குவது கெம்போங். சும்மா எதையாவது கட்டிவிட்டுப் புகை காட்டினால் நான் ஒத்துக்கொள்ள வேண்டுமா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே ஊரிலிருந்து வந்த ஆள்? பரம்பரைத் தொழில் என்றார்கள். சொல்லுங்கள். இது மாசியா?"

மச்சான் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். மூன்று நாளாக நான் சொல்லிக்கொண்டிருந்தது அங்கே நின்ற ஒவ்வொருத்திக்கும் தெரியும். தனபாக்கியம் என்னைப் பார்க்கவே இல்லை. இடுப்பில் கை வைத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லச் சொல்லிக் கேட்டால் எனக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஐயா, என் வாப்பா மாசி வியாபாரி. அவருடைய வாப்பாவும் மாசி வியாபாரி" என்றேன். "நான் எதை மாசி என்று சொல்கிறேனோ, அதுதான் மாசி. இது மாசி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கிழிந்து தைத்த பைஜாமாவும் கரி அப்பிய கையும் பரம்பரைக்குச் சாட்சியாக இருந்திருக்குமா என்று தெரியவில்லை. மறுபடி கூரையைப் பார்த்தார். ஊர் கூடி நிற்கிற நாளில், சொன்ன சொல்லை அத்தனை பேர் முன்னால் மாற்றுவது அவருக்கும் லேசாக இருந்திருக்காது.

"நாற்றுப் பண்ணையை ஆற்றுப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்" என்றார். "புகை நின்ற அன்றைக்கு வருவேன்."

"வாங்க தொரே. கொஞ்சம் சம்பலும் கட்டித் தர்றோம்" என்றாள் தனபாக்கியம்.

ஜீப் திரும்பிப் போனபிறகுதான் பெண்கள் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் மேளமே அடங்கிவிட்டது. மச்சான் எல்லோருக்கும் கடையில் தேநீர் என்று அறிவித்துவிட்டு, உடனே எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்தார். தனபாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகை என்று சொன்னாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்குப் புகை பழக்கம்தான், அதனால் நான் பொய் சொல்லவில்லை, அழுதேன்.

"அப்ப இது மாசிதானே காக்கா?" என்றாள்.

"இல்லை."

"தொரைகிட்ட ஆமான்னீங்க?"

"அது அவருக்கு. உனக்கு இல்லை. சூரை வரட்டும், அப்போது போடு மாசி."

"எப்ப வரும்?"

"மழை குறைந்தால் வரும். வடக்கே விளக்குப் படகுக்காரன் மிச்சம் வைத்தால் வரும். இந்த வருடம் வராமலும் போகும், அடுத்த வருடமும் வராமல் போகலாம்."

"வரட்டும். நெருப்பு போட்டு வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, மட்டை தீர்ந்துபோயிற்றா என்று பார்க்க உள்ளே போனாள்.